வீண் விரயம் எது?

சில வாரங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை நிறைவெய்தி மக்கள் கலைந்து சென்றபின், பள்ளிவாசலின் உள்திண்ணையில் நான் அமர்ந்திருந்தேன். தகப்பனும் மகனுமாக இருவர் என்னை நாடி வந்தனர். ஸலாம் கூறி அமர்ந்ததும் தகப்பனார் பேச்சைத் தொடங்கினார்.

"ஹஜ்ரத், வீண் விரயம் செய்கிறவன் ஷைத்தானுக்குச் சகோதரன் என்று நீங்கள்தானே பயான் செய்தீர்கள்? அதை இவனுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்."

செய்தி இதுதான். அவருடைய தாயாருக்கு எண்பத்திரண்டு வயது. சில ஆண்டுகளாகக் காது கேட்பதில்லை. சென்னையில் பணியாற்றும் பேரன் விடுமுறையில் ஊர் வந்தவன், பாட்டியாரை நகரத்திற்கு அழைத்துச் சென்று பரிசோதனை செய்வித்து, 38,000 ரூபாய்க்குக் காது கேட்கும் கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டான்.

"எண்பத்திரண்டு வயதில் காது மிஷின் எதற்கு, ஹஜ்ரத்? இனிமேல் கேட்டு என்ன ஆகப்போகிறது? இந்தப் பணத்தை ஓர் ஏழைக் குமருக்குக் கொடுத்திருந்தால் நன்மையாவது கிடைத்திருக்கும். பத்து நாளைக்குள் திருப்பிக் கொடுத்தால் பணம் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் இவன் கேட்பான்."

மகன் தலை குனிந்தபடி, "வாப்பா, நான் ஹஜ்ரத் சொல்வதைக் கேட்கிறேன்" என்றான்.

தகப்பனாரை நான் நன்கறிவேன். அவர் கருமி அல்லர். ரமலானில் நோன்புக் கஞ்சிக்கு முதலில் பெயர் கொடுப்பவர். மதரஸாப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் உடை எடுத்துக் கொடுப்பவர். அவர் என்னிடம் கேட்டது உண்மையான கேள்வி. எனினும் அவருக்கு உடனே விடை கூற என் நா எழவில்லை. காரணம் இருந்தது, அதனைப் பின்னர்க் கூறுகின்றேன். அதற்கு முன், "வீண் விரயம்" என்னும் இச்சொல்லை நம் வீடுகளில் நாம் எவ்வாறு கையாளுகின்றோம் என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

நாம் வீண் என்பன

வயது முதிர்ந்தவருக்குப் பல் கட்டுவது வீண். முட்டி வலியால் குந்த இயலாத மூதாட்டிக்கு மேல்நாட்டுக் கழிப்பறை அமைப்பது வீண். துணி துவைத்துத் துவைத்துக் கை காய்த்துப்போன மனைவிக்குச் சலவை இயந்திரம் வீண், "எங்கள் உம்மா கல்லில் அடித்துத் துவைக்கவில்லையா?" என்று கேட்டுவிடுவோம். "எப்படியும் கட்டிக்கொடுக்கப் போகிற பிள்ளை" என்பதால் பெண் பிள்ளையின் பாட நூல்களுக்கும் பயிற்சி வகுப்புக்கும் ஆகும் பணமும் வீண்.

ஆனால் நாம் வீண் என்று ஒருபோதும் கூறாதவையும் உள. இருபத்து நான்கு பேருக்கான பீங்கான் பாத்திரங்கள் கண்ணாடி அலமாரியில் அடுக்கப்பட்டு, ஒருநாளும் உணவு படாமல் பல்லாண்டுகளாக நின்றுகொண்டிருக்கும். சபுர் சென்று உழைத்தவர் கட்டிய மாளிகையில் நான்கு அறைகள் பூட்டியே கிடக்கும்; தூசி தட்டக் கூலிக்கு ஆள் வைத்திருப்பார்கள். ஒருநாள் மட்டும் அணியும் மாப்பிள்ளை உடை பல ஆயிரம் பெறும். நிக்காஹ் விருந்தில் எட்டு வகைக் கறி பரிமாறப்பட்டு, இலையோடு ஆட்டிறைச்சியும் குப்பைக்குப் போகும். இவற்றைக் குறித்து எந்தத் தகப்பனாரும் எந்த மகனையும் ஆலிமிடம் அழைத்து வந்ததாக நான் கண்டதில்லை.

இரு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஓர் உண்மை புலப்படும். வீட்டிற்குள் குரல் உயர்த்திக் கேட்க இயலாதவர்களுக்காக வாங்குவதை நாம் வீண் என்கின்றோம். வீதியில் நிற்பவர் காண வாங்குவதைக் கௌரவம் என்கின்றோம். மார்க்கத்தின் சொல்லொன்றை எடுத்து, அதனை எளியோர்மீது மட்டும் பிரயோகிக்கின்றோம். இது மார்க்கம் கற்பித்த அளவுகோலா?

திருவசனம் அமைந்திருக்கும் இடம்

வீண் விரயம் செய்வோர் ஷைத்தான்களின் சகோதரர்கள் என்னும் எச்சரிக்கை, திருக்குர்ஆனின் பனீ இஸ்ராயீல் என்னும் 17-ஆம் அத்தியாயத்தின் 27-ஆம் வசனத்தில் வருகின்றது. நம்மில் பெரும்பாலோர் அந்த ஒரு வசனத்தை மட்டும் மனனம் செய்துள்ளோம். அது எந்த வரிசையில் இறங்கியுள்ளது என்று பார்ப்பதில்லை.

சற்று முன்னே செல்லுங்கள். 23-ஆம் வசனத்தில், தன்னையன்றி வேறெவரையும் வணங்கலாகாது எனக் கட்டளையிட்ட இறைவன், அடுத்த மூச்சிலேயே பெற்றோருக்கு நன்மை செய்யுமாறு பணிக்கின்றான். அவர்கள் முதுமை எய்திவிட்டால் அவர்களை நோக்கிச் "சீ" என்னும் அளவிற்கும் கடிந்துரைக்கலாகாது. அவர்களிடம் கண்ணியமான சொல்லையே பேச வேண்டும் என்பது அவ்வசனத்தின் கட்டளை. 24-ஆம் வசனம் அவர்களுக்காகப் பணிவின் சிறகைத் தாழ்த்தவும், துஆச் செய்யவும் கற்பிக்கின்றது. பின்னர் 26-ஆம் வசனம் உறவினருக்கும் ஏழைக்கும் வழிப்போக்கருக்கும் அவரவர் உரிமையைக் கொடுக்குமாறு கூறி, அதே வசனத்தின் இறுதியில் வீண் விரயத்தைத் தடுக்கின்றது. அதன் பிறகே ஷைத்தானின் சகோதரர்கள் என்னும் கடுமொழி வருகின்றது.

ஆக, உரிமையைக் கொடு என்பதும், விரயம் செய்யாதே என்பதும் ஒரே வசனத்தின் இரு பாதிகள். உரியவருக்குச் சேர வேண்டியதை உரியவரல்லாத இடத்தில் கொட்டுவதுதான் விரயம் என்பது இந்த அமைப்பிலிருந்தே விளங்குகின்றதன்றோ! தாயின் உரிமையை நிறுத்திவைப்பதற்கு இவ்வசனத்தின் பின்பாதியை ஒருவர் ஆதாரம் காட்டுவாராயின், அவர் முன்பாதியை ஓதாமல் பின்பாதியை மட்டும் ஓதியவர் ஆகின்றார்.

முன்னோர் இதனை இப்படியே விளங்கினர். வீண் விரயமாவது, நியாயமற்ற வழியில் பொருளைச் செலவிடுதல் என்று இப்னு மஸ்வூத் (ரலி) அவர்கள் விளக்கமளித்ததாகத் தஃப்ஸீர்களில் காண்கின்றோம். முஜாஹித் (ரஹ்) அவர்கள் இன்னும் தெளிவாக்கினார்கள்: ஒரு மனிதன் தன் செல்வம் முழுவதையும் உரிய வழியில் செலவிட்டாலும் அவன் விரயம் செய்தவனாகான், உரிமையற்ற வழியில் இரு கையளவுத் தானியத்தைச் செலவிட்டாலும் அவன் விரயம் செய்தவனே என்பது அவர்களின் கருத்து. தொகை பெரிதா சிறிதா என்பது இங்கே கேள்வியே அன்று. 38,000 ரூபாய் விரயம் ஆகாமல் இருக்கலாம். முப்பத்தெட்டு ரூபாய் விரயம் ஆகலாம்.

பொருளைப் பார்க்காதே, கையைப் பார்

மார்க்கச் சட்ட வல்லுநர்கள் இவ்விஷயத்தில் காட்டிய நுட்பம் வியப்புக்குரியது. ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற சட்ட நூலான ஹிதாயாவில், ஸகாத் கடமையாகாத அடிப்படைத் தேவைகள் எவையெவை என்று சொல்லப்பட்டுள்ளது. குடியிருக்கும் வீடு, உடுக்கும் உடை, வீட்டுச் சாமான்கள், ஏறிச் செல்லும் பிராணி, தொழிலாளியின் கருவிகள் என்று வரும் அவ்வரிசையில் கல்வி நூல்களும் இடம் பெறுகின்றன. ஆனால் அவை அக்கல்விக்கு உரியோரிடம் இருத்தல் வேண்டும். ஓதும் ஆலிமின் அறையில் இருக்கும் நூல்கள் அவருக்குச் சோறும் துணியும் போன்ற தேவை. ஒருநாளும் புரட்டாத ஒருவர் அதே நூல்களை அலமாரியில் நிறைத்து வைத்து, அவற்றின் மதிப்பு நிஸாபை எட்டுமாயின், தாம் ஏழை என்று கூறி ஸகாத் வாங்கும் தகுதியை அவர் இழந்துவிடுகின்றார் என உரையாசிரியர்கள் விளக்கினர். நூல் ஒன்றே, ஒருவர் கையில் அது தேவை, மற்றவர் கையில் அது மிகை.

ஷாஃபிஈ மத்ஹபையும் காண்போம். பெண்கள் பொன்னாபரணம் அணிவது ஆகுமானதே. எனினும் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில், வரம்பு மீறிய ஆபரணம் தடுக்கப்பட்டது என்பதே சரியான கருத்து எனக் கூறி, இருநூறு தீனார் எடையுள்ள காற்தண்டையை உதாரணம் காட்டுகின்றார்கள். ஒரு தீனார் ஏறத்தாழ நாலேகால் கிராம். அவ்வாறாயின் இருநூறு தீனார் 850 கிராம். நம் கணக்கில் 106 பவுன். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் திமிஷ்கில் வாழ்ந்த அந்த இமாம், நம் ஊர்த் திருமண மண்டபங்களை நேரில் பார்த்துவிட்டு எழுதினார்களோ என்று எண்ணத் தோன்றுகிறது!

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வீட்டுச் சாமானுக்கும் ஓர் அளவு காட்டியுள்ளார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும், ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்ற நபிமொழியின் கருத்தாவது: கணவனுக்கு ஒரு விரிப்பு, மனைவிக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று, நான்காவது ஷைத்தானுக்கு உரியது. நான்காவது விரிப்பு விலை கூடியது என்பதனால் அவ்வாறு சொல்லப்படவில்லை. அதில் படுப்பதற்கு ஆளில்லை; பெருமைக்காக விரித்து வைக்கப்பட்டது. மனிதன் பயன்படுத்தாததை ஷைத்தான் பயன்படுத்திக்கொள்கின்றான். அலமாரியில் நிற்கும் இருபத்து நான்கு பீங்கான் தட்டுகளில் யார் உண்ணுகின்றார் என்பதை இனி நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சேதாரம் என்று பெயரிட்டே வாங்குகின்றோம்

நம் காலத்துக் கொள்முதல்களில் ஒன்றை மட்டும் கணக்கிட்டுக் காட்டுகின்றேன். பொன் வாங்குவது வீண் என்று நான் கூறவில்லை. அது பெண்ணின் சொத்து. இடர் வந்தபோது அவளைக் காக்கும் பொருள். ஆனால் நகைக்கடையின் ரசீதை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அதில் "சேதாரம்" என்றே ஒரு கட்டம் இருக்கும். வேலைப்பாடு மிகுந்த நகைக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு சேதாரம் என்று வைத்துக்கொள்வோம். மகளின் நிக்காஹுக்கு ஐம்பது பவுன் எடுத்தால் ஆறு பவுனின் விலை சேதாரத்திற்கே போய்விடும். 2017-ஆம் ஆண்டு முதல் நூற்றுக்கு மூன்று வீதம் சரக்கு சேவை வரியும் அதனோடு சேரும். மறு ஆண்டே அந்நகையை விற்கச் சென்றால், எடைக்கு மட்டுமே விலை கிடைக்கும். ஆறு பவுன் திரும்பி வராது. அந்த ஆறு பவுனின் விலையில், காது கேளாத பத்து மூதாட்டியருக்குக் கருவி வாங்கிக் கொடுக்கலாம்.

வேலைப்பாடு குறைந்த வளையலும் அதே பொன்தான், அதே எடைதான். நாம் கூடுதலாக விலை கொடுத்தது எதற்கு? சபையில் நான்கு பேர் உற்று நோக்கும் அந்த ஒரு மணி நேரத்திற்கு. ரசீதில் சேதாரம் என்று அச்சடித்துக் கொடுத்தாலும், அதனை விரயம் என்று சொல்ல நமக்கு மனம் வருவதில்லை.

இன்னொன்று, தவணையில் வாங்கும் கைப்பேசி. கையில் இருப்பது நன்றாக இயங்கும்போதே, புதிது வந்துவிட்டது என்பதற்காக மற்றொன்று. "வட்டியில்லாத் தவணை" என்கின்றனர். உண்மையில் பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லை என 2013-ஆம் ஆண்டிலேயே இந்திய ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வட்டி வேறு பெயரில் எங்கோ ஓரிடத்தில் ஒளிந்திருக்கும். தேவையற்ற பொருளை வட்டி கலந்த கடனில் வாங்குபவர், ஒரே கொள்முதலில் இரு குற்றங்களைச் சுமக்கின்றார்.

கஞ்சத்தனமும் மார்க்கமன்று

இவ்வளவையும் படித்துவிட்டு, நல்ல உடையும் நல்ல உணவும் கூடாதோ என்று எவரும் எண்ணிவிடலாகாது. மாலிக் இப்னு நள்லா (ரலி) என்னும் தோழர் மிக எளிய உடையில் நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது, உமக்குச் செல்வம் உண்டா என்று வினவினார்கள். ஒட்டகம், ஆடு, குதிரை எல்லாம் உண்டென்று அவர் கூற, அவ்வாறாயின் அல்லாஹ்வின் அருட்கொடையின் அடையாளம் உம்மீது காணப்படட்டும் என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள். இது அபூதாவூதிலும் நஸாயீயிலும் வரும் செய்தி. மேற்கூறிய பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 29-ஆம் வசனமும், கையைக் கழுத்தோடு கட்டிக்கொள்ளவும் வேண்டாம், முற்றாக விரித்துவிடவும் வேண்டாம் என்றே நடுவழியைக் காட்டுகின்றது. கண்ணுக்கு அழகானதை அளவோடு வாங்குவது ஆகும். மனைவி ஆசைப்பட்ட புடவையை வாங்கிக் கொடுப்பதும், பிள்ளைக்குப் பெருநாளில் விளையாட்டுப் பொருள் வாங்கிக் கொடுப்பதும் மனம் குளிரும் செயல்களே.

ஆயினும் ஆசைப்பட்டதையெல்லாம் வாங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரு திர்ஹமுக்கு இறைச்சி வாங்கிச் சுமந்து செல்வதைக் கண்ட உமர் (ரலி) அவர்கள், அண்டை வீட்டாருக்காகவும் ஒன்றுவிட்ட சகோதரருக்காகவும் வயிற்றைச் சற்றுச் சுருக்கிக்கொள்ளலாகாதா என்று கேட்ட நிகழ்ச்சி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் பதிவாகியுள்ளது. இறைச்சி ஹலால், ஒரு திர்ஹம் பெருந்தொகையன்று. எனினும் அண்டை வீட்டானை நினைத்துப் பார் என்பதே உமர் (ரலி) அவர்களின் கேள்வி.

இனி அந்தத் தகப்பனார் எழுப்பிய வினாவுக்கு வருவோம். ஏழைக் குமருக்குக் கொடுத்திருந்தால் நன்மையாயிற்றே என்றார். உண்மை, நன்மைதான். ஆனால் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும், முஸ்லிமில் உள்ள நபிமொழி ஒன்று நான்கு தீனார்களை வரிசைப்படுத்துகின்றது: அல்லாஹ்வின் பாதையில் கொடுத்தது ஒன்று, அடிமையை விடுவிக்கக் கொடுத்தது ஒன்று, ஏழைக்குத் தர்மமாகக் கொடுத்தது ஒன்று, தன் குடும்பத்தாருக்குச் செலவிட்டது ஒன்று. இவற்றுள் கூலியால் மிகப் பெரியது குடும்பத்தாருக்குச் செலவிட்டதே என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்துள்ளார்கள். மேலும், ஏழைக் குமருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைக் கிழவியின் காதிலிருந்துதான் எடுக்க வேண்டுமா? சேதாரத்திலிருந்து எடுக்கலாகாதா?

"இனிமேல் கேட்டு என்ன ஆகப்போகிறது?" என்பதும் அறியாமையால் எழுந்த சொல். அறுபது வயதைக் கடந்தோரில் நால்வரில் ஒருவருக்கும் மேல், வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குச் செவித்திறன் குன்றியுள்ளதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. முதுமை மறதி நோய்க்கு இட்டுச் செல்லும், நாம் முயன்றால் மாற்றத்தக்க 14 காரணங்களை 2024-ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு தொகுத்தபோது, செவித்திறன் இழப்பையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தது. காது கேளாதவர் பேச்சிலிருந்து விலகுகின்றார். பேச்சிலிருந்து விலகியவர் மனிதரிடமிருந்து விலகுகின்றார். விலைகொடுத்து வாங்க வசதியில்லாதோர் அரசு மருத்துவமனையை நாடலாம். வருவாய் குறைந்த முதியோருக்கு இத்தகைய கருவிகளை இலவசமாக வழங்கவென்றே 2017-இல் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா என்னும் மத்திய அரசுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஜமாஅத்தில் படித்த இளைஞர்கள், இதுபோன்ற உதவிகளை விசாரித்து மஹல்லாவின் முதியோருக்குப் பெற்றுத் தருவதும் ஓர் இபாதத்தே.

என் நா எழாத காரணம்

இப்போது முதலில் ஒத்திவைத்ததைக் கூறிவிடுகின்றேன்.

என் தாயாருக்கு எழுபது வயதைக் கடந்தபின் காது மந்தமாயிற்று. வளைகுடாவில் பணியாற்றிய என் தம்பி, "காக்கா, உம்மாவுக்குக் காது மிஷின் வாங்கப் பணம் அனுப்பட்டுமா?" என்று தொலைபேசியில் கேட்டான். நான் மதரஸாவில் ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. "இந்த வயதில் எதற்கு இவ்வளவு பணம்? மதரஸாவுக்கு அனுப்பு; உம்மாவின் பெயரில் நன்மை சேரும்" என்றேன். மூத்தவன் சொல்லைத் தட்டாதவன்; அனுப்பினான். மதரஸாவுக்குப் பாய்கள் வாங்கினோம். ஒரு விரயத்தைத் தடுத்து, தர்மமாக மாற்றிவிட்டேன் என்று உள்ளம் மகிழ்ந்தேன்.

அதன் பிறகு என் தாயார் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார்கள். அந்த நான்கு ஆண்டுகளில் நான் அவர்களிடம் பேசியவற்றை எண்ணிப் பார்க்கின்றேன். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, உள்ளே வாருங்கள் என்பவற்றுக்கு மேல் அதிகமில்லை. ஒன்றைச் சொல்ல மூன்று முறை கத்த வேண்டியிருந்தது. மூன்றாம் முறை கத்தும்போது, எவ்வளவு அன்பான சொல்லும் அதட்டலாகவே ஒலிக்கும். "சீ" என்று நான் சொன்னதில்லை. ஆனால் என் குரல் சொன்னது. பின்னர் கத்தவும் சலிப்புற்று, கையால் சாடை காட்டத் தொடங்கினேன். பெற்றோரிடம் கண்ணியமான சொல்லைப் பேசுமாறு இறைவன் இட்ட கட்டளையை எத்தனையோ மேடைகளில் விளக்கிய நான், அதனை நிறைவேற்றத் தேவையான ஒரு கருவியை வீண் விரயம் என்று தீர்ப்பளித்திருந்தேன்.

ஜனாஸா அடக்கம் செய்த மூன்றாம் நாள், பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவர் என்னிடம் சொன்னார்: "என் மகன் ஊருக்கெல்லாம் பயான் சொல்கிறான், எனக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை என்று உன் உம்மா சொல்லிக்கொண்டிருப்பார்." குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார் என்றும் கூறினார். அதைக் கேட்டதிலிருந்து வீண் விரயத்தைப் பற்றிப் பேச எழும்போதெல்லாம் என் கால்கள் சற்றுத் தயங்குகின்றன.

இதனை அந்தத் தகப்பனாரிடம் அப்படியே சொன்னேன். அவர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு எழுந்து, மகனிடம், "திருப்ப வேண்டாம்" என்று மட்டும் கூறிவிட்டுச் சென்றார்.

வாங்கியபின் மீதமுள்ள பாதி

சில நாட்கள் கழித்து அவர் மீண்டும் வந்தார். முகத்தில் ஒரு வெற்றிக் குறி. "பார்த்தீர்களா ஹஜ்ரத், நான் சொன்னது சரியாகிவிட்டது. உம்மா அந்த மிஷினைப் பெட்டியிலேயே வைத்திருக்கிறார்கள். இரைகிறது என்கிறார்கள். பேட்டரி தீர்ந்துவிடும் என்று பாங்கு நேரத்துக்கு மட்டும் மாட்டுகிறார்கள். பணம் வீண்தானே?"

நான் அவரிடம் மூன்று செய்திகளைக் கூறினேன். முதலாவது, பல ஆண்டுகள் அமைதியில் இருந்த காதுக்கு ஓசை முதல் சில வாரங்கள் இரைச்சலாகவே தோன்றும். நாள்தோறும் சிறிது சிறிதாகப் பழக வேண்டும். ஒலி அளவைச் சீரமைக்க வாங்கிய இடத்திற்கு மீண்டும் ஓரிரு முறை அழைத்துச் செல்ல வேண்டும். இரண்டாவது, பெட்டியில் வைப்பதால் பேட்டரி அவ்வளவாக மிச்சமாகாது. அச்சிறு பொத்தான் பேட்டரியின்மேல் ஒட்டியுள்ள தாளை உரித்ததும் காற்றுப்பட்டு அது வேலை செய்யத் தொடங்கிவிடும். பயன்படுத்தாவிடினும் நாளடைவில் வலுவிழக்கும். மூன்றாவதாக நான் கேட்டது ஒரு கேள்வி: "பாங்கு நேரத்தில் மட்டும் மாட்டுகிறார்கள் என்றீர்களே, மற்ற நேரங்களில் அவர்களிடம் பேச உங்கள் வீட்டில் யார் அமர்கிறீர்கள்?"

அவர் பதில் கூறவில்லை. பேரன் சென்னைக்குத் திரும்பிவிட்டான். தகப்பனார் கடைக்குச் சென்றால் இரவு திரும்புகிறார். மருமகளுக்கு அடுப்படி, பிள்ளைகளுக்குக் கைப்பேசி. பேச்சே இல்லாத வீட்டில் காது மிஷினை மாட்டிக்கொண்டு அந்த மூதாட்டி எதைக் கேட்பார்? மின்விசிறியின் ஓசையையா? அவருக்கு உயிருள்ள ஒரே குரலாகக் கேட்டது பாங்கோசைதான். ஆகவே அதற்கு மட்டும் மாட்டினார். இதில் அவர் விரயம் செய்யவில்லை. உள்ளதை உள்ளபடி அளந்து செலவிட்டார்.

சகோதர சகோதரிகளே! ஒரு பொருளை விலைகொடுத்து வாங்குவதோடு கொள்முதல் முடிந்துவிடுவதில்லை. அதற்கு உரிய பயனை அதற்குக் கொடுக்கும்வரை அது பாதிக் கொள்முதலே. மீதிப் பாதியை நாம் கொடுக்காவிடின், நல்ல நோக்கத்துடன் வாங்கியதும் நான்காவது விரிப்பாகிவிடும். காது மிஷின் கேட்கும் திறனைத்தான் தரும். பேச்சைத் தர வேண்டியவர்கள் நாம்.

எனவே, இனி ஒரு பொருளை வாங்கும்முன்னும், பிறர் வாங்கியதை வீண் என்று சொல்லும்முன்னும் மூன்று கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். இந்தப் பணத்தில் யாருடைய ஹக்கு தங்கியிருக்கின்றது? இதனை உண்மையில் பயன்படுத்தப்போகும் கை எது? எவருமே பார்க்கமாட்டார் என்றிருந்தாலும் இதனை நான் வாங்குவேனா? செல்வத்தை எங்கிருந்து ஈட்டினாய், எதில் செலவிட்டாய் என்னும் கேள்விக்கு விடையளிக்காமல் மறுமையில் எவருடைய பாதமும் நகராது என்பது திர்மிதியில் வரும் நபிமொழியின் கருத்து. அங்கே விலைச்சீட்டு கேட்கப்படமாட்டாது. எதில் என்பதே கேட்கப்படும்.

அந்தத் தகப்பனார் இப்போது இஷாத் தொழுகைக்குப் பின் என்னுடன் திண்ணையில் அமர்வதில்லை. "உம்மா விழித்திருப்பார்கள்" என்று சொல்லிவிட்டு விரைந்து வீடு செல்கின்றார். என் தாயாரிடம் அவ்வாறு விரைந்து செல்லும் பேற்றை நான் இழந்துவிட்டேன். இதனைப் படிக்கும் உங்களில் எத்தனையோ பேருக்கு அப்பேறு இன்றும் வீட்டிற்குள்ளேயே இருக்கின்றது.

வல்ல அல்லாஹ் நமது செல்வத்தை உரியோருக்குச் சேர்ப்பிக்கும் அறிவையும், நம் பெற்றோரிடம் கண்ணியமான சொல் பேசும் பாக்கியத்தையும், விரயத்திலிருந்தும் கஞ்சத்தனத்திலிருந்தும் பாதுகாப்பையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.